படலையடியில் கேட்ட கேள்விகள்: சின்னப் பிள்ளைகளின் விளையாட்டும் படிப்பும்

முன்பள்ளி விடுகிற நேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாமார், அப்பம்மாமார், சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நிற்கும் அப்பாமார் எல்லோரும் படலையடியில் வைத்து என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. ஆட்கள்தான் மாறுகிறார்கள். மத்தியான வெயிலில் நின்று அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே இருக்கிற முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்தே பதில்கள் எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"காலமை தோய வார்த்து வெள்ளைச் சட்டை போட்டு விடுறன். மத்தியானம் மண்ணோட வருது. அங்க என்னதான் படிப்பிக்கிறியள், ரீச்சர்?"

மண்ணில்தான் படிப்பிக்கிறோம். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை. நாலு பிள்ளைகள் முற்றத்தில் குந்தியிருந்து குளம் கட்டினார்கள். மண்ணால் ஒரு கட்டு. கட்டுக்குள்ளால் பப்பாசித் தண்டுக் குழலைச் செருகி, தண்ணீர் திறந்துவிட ஒரு துருசு. துருசிலிருந்து வாய்க்கால். வாய்க்கால் முடிகிற இடத்தில் புல்லைப் பிடுங்கி நட்ட 'வயல்'. ஒருத்தன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒரே ஊற்றாக ஊற்றினான். கட்டு ஒரு பக்கத்தால் பிய்த்துக்கொண்டு போனது. "ஐயோ, வான் பாயுது!" என்று கத்தினாள் ஒருத்தி. "இது வான் இல்லை, உடைப்பு" என்று திருத்தினான் ஒரு கமக்காரரின் பேரன். குளம் நிறைந்து கூடின தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் வான்.

நான் கிட்டப் போய் "ஏன் உடைச்சது?" என்று மட்டும் கேட்டேன். கனநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தன் "இது மணல், ஒட்டாது" என்றான். இன்னொருத்தி "தண்ணி கூடிப்போச்சு" என்றாள். அடுத்த நாள் அந்தப் பேரன் அப்பப்பாவிடம் கேட்டு ஒரு சொப்பிங் பை நிறையக் களிமண் கொண்டுவந்தான். கூடின தண்ணி போக வழி வேண்டும் என்று சொன்னவள் கட்டின் ஓரத்தைக் கையால் தடவித் தாழ்த்திவிட்டாள். அன்றைக்குக் கட்டு நின்றது. இந்த முறை வான் பாய்ந்தது, உண்மையாகவே.

எத்தனை சிரட்டைத் தண்ணீர் பிடிக்கும் என்று எண்ணினார்கள், மேடு பள்ளம் பார்த்தார்கள், மணலுக்கும் களிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் அறிந்தார்கள், யார் ஊற்றுவது என்று சண்டை பிடித்து முறை வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் நான் கரும்பலகையில் எழுதிச் சொல்லவைத்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அப்பப்பாவிடம் போய்க் களிமண் கேட்டிருக்கமாட்டார்கள். அப்புறம், வெள்ளைச் சட்டை வேண்டாம் அம்மா. பழையதைப் போட்டு விடுங்கோ.

"அப்ப சும்மா விளையாட விட்டாலே படிப்பு வந்திடுமோ?"

சும்மா விட்டால் வராது. குளம் கட்டிய கதையில் என் பங்கு ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியும், அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றதும் இல்லாவிட்டால், கட்டு உடைந்ததோடு பிள்ளைகள் ஊஞ்சலுக்குப் போயிருப்பார்கள். வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னது இதுதான்: பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்குக் கொஞ்சம் அப்பால், கிட்ட ஒருவர் நின்றால் எட்டக்கூடிய ஒரு இடம் இருக்கிறது, படிப்பு நடப்பது அங்கேதான். எட்டித் தொடுமட்டும் கிட்ட நிற்பது பெரியவர்களின் வேலை. தூக்கிக் கொண்டுபோய் வைத்தால் அது பிள்ளை எட்டியதாகாது.

மறுபக்கமும் உண்டு. 'செயற்பாடு' என்று பெயர் வைத்ததெல்லாம் செயற்பாடு ஆகிவிடாது. என் தொடக்க காலத்தில் கண்காட்சி ஒன்றுக்காக முப்பது வண்ணத்துப்பூச்சிகள் செய்தோம். வரைந்தது நான், கத்தரித்தது நான், இரவு விளக்கு வைத்து ஒட்டியதும் நான். பிள்ளைகள் செய்தது, காட்டிய இடத்தில் நிறந்தோய்ந்த விரலை வைத்தது மட்டும். முப்பதும் ஒரே மாதிரி இருந்தன. வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளை அதில் ஒன்றையாவது தானாகத் தீர்மானித்ததா, செய்யாவிட்டால் அதற்கு ஏதாவது குறைந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டுக்கும் 'இல்லை'தான்.

இது வன்னியில் நாங்கள் கண்டுபிடித்த புதினமும் இல்லை. ஜேர்மனியில் ஃப்ரோபல் 1837இல் விளையாட்டை நடுவில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். மரியா மொன்ரிசோரி 1907இல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். இந்தியாவில் தங்கியிருந்த காலத்தில், 1944இல், இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எங்கள் ஊர்களில் எந்த முன்பள்ளியையும் 'மொன்ரிசோரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள் பாருங்கள், பெயர் நிலைத்துவிட்டது. பொருள் எவ்வளவு நிலைத்தது என்பது வேறு கதை.

"ஏடு தொடக்கி ஒரு வருசமாச்சு. இன்னும் 'அ' எழுதுதில்லை. எப்ப எழுதப் பழக்குவியள்?"

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பே இல்லை, குருத்துத்தான். ஒவ்வொன்றாக எலும்பாகி எல்லாம் முடியப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். நாலு வயதுப் பிள்ளையின் கை இன்னும் கட்டி முடியாத வீடு. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுது என்றால் கை நோகும், பிறகு கொப்பியைக் கண்டாலே அழுகை வரும்.

இன்னொன்று, 'அ' லேசான எழுத்து இல்லை. சுழி, வளைவு, கிடைக்கோடு, நிலைக்கோடு எல்லாம் அதில் இருக்கிறது. நெடுங்கணக்கில் முதலில் வருவதால் கைக்கும் அது முதலில் வரவேண்டும் என்றில்லை. ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் பிள்ளைக்குச் சுகம். அதற்கும் முதல், பிள்ளைக்குத் தன் பெயர் வேண்டும். செருப்பு வைக்கிற இடத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். இரண்டு மாதத்தில் தன் பெயரை மட்டுமல்ல, பக்கத்துச் செருப்புக்காரியின் பெயரையும் அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

விஜயதசமிக்கு ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறாரே, அந்தத் தட்டத்தைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். அரிசி இல்லாவிட்டால் குறுமணல் போதும். விரலால் எழுதலாம், பிழைத்தால் தட்டிவிட்டுத் திரும்ப எழுதலாம். கைக்குப் பலம் வர முருங்கையிலை உருவவிடுங்கள், பயற்றங்காய் முறிக்கவிடுங்கள், தன் சின்னச் சட்டையைத் தானே பிழியவிடுங்கள், நூலில் பூக் கோர்க்கவிடுங்கள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு மட்டும் சொல்லுது. எங்கட பிள்ளைக்குப் பத்துக்கு மேல வராது."

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் "ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துத் தந்தால் நல்லது. கனபேர் கை நிறைய அள்ளித் தருவார்கள். நூறு வரை சொல்வது ஒரு பாட்டு மாதிரி. பாட்டும் வேண்டும்தான், ஆனால் எண்ணுவது வேறு: ஒரு பொருளுக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்.

பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் செய்து காட்டிய ஒன்றை வீட்டிலும் செய்யலாம். ஒரே மாதிரியான இரண்டு கிளாசில் சமனாகத் தேத்தண்ணி ஊற்றுங்கள். பிள்ளை "ரெண்டும் சமன்" என்று சொன்னபிறகு, அதன் கண் முன்னாலேயே ஒன்றை ஒடுக்கமான உயரக் கிளாசுக்கு மாற்றுங்கள். நாலு வயதுப் பிள்ளை உயரக் கிளாசில்தான் கூட என்று சத்தியம் பண்ணும். இது மக்குத்தனம் இல்லை. ஏறக்குறைய ஆறு ஏழு வயது மட்டும் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கிறார்கள். "பிழை, பிழை" என்று சொல்லித் திருத்தி வராது. பிள்ளை நூறு தரம் ஊற்றி விளையாடித்தான் வரும்.

இரவுச் சாப்பாட்டுக்கு "எல்லாருக்கும் ஒவ்வொரு கோப்பை வை" என்று பிள்ளையிடம் விடுங்கள். அப்பா வேலையால் வராத நாளில் ஒரு கோப்பை மிஞ்சும். கழித்தல் கணக்கு அதுதான். அரிசி போடும்போது சுண்டால் அளக்கவிடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் கொக்கான் வெட்டப் பழக்குங்கள்; ஒன்று, இரண்டு, மூன்று என்று கல்லை அள்ளுவதில் கண்ணும் கையும் எண்ணும் ஒன்றாக ஓடும்.

"விளையாட்டுச் சாமான் வாங்க எங்களிட்டக் காசில்லை."

வாங்கவேண்டாம். சிரட்டை, பனங்கொட்டை, ஊமல், குரும்பட்டி, ஓலை, பூவரசமிலை, மூடிகள், வெறும் பெட்டி. குரும்பட்டியில் தேர் செய்யலாம், பூவரசமிலையில் பீப்பீ ஊதலாம். கடைப் பொம்மைக்கார் ஒன்றைத்தான் செய்யும். சிரட்டை கரண்டியாகும், தொப்பியாகும், தராசுத் தட்டாகும், கோயில் மணியாகும்.

ஒரு கவனம்: கச்சான், உழுந்து, புளியங்கொட்டை மாதிரிச் சின்னச் சாமான்களைத் தரம் பிரிக்கக் கொடுப்பது நல்ல வேலைதான், ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூக்குக்குள் உழுந்து வைத்துக்கொண்டு வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் எனக்கு உண்டு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் அவற்றைக் கண்ணிலும் காட்டாதீர்கள்.

"விடிய நாலு மணிக்கு எழும்பி கார்மென்ற் பஸ் ஏறுறன். வர இருளுது. எனக்கு எங்க நேரம்?"

இந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் இருக்கிறது என்று பாசாங்கு செய்யமாட்டேன். களைப்பு களைப்புத்தான். தனியாகக் குடும்பத்தைக் கொண்டிழுக்கிற அம்மாமார் எங்கள் படலையில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லலாம்: தனியாக நேரம் ஒதுக்கவேண்டாம். எப்படியும் செய்யப்போகிற வேலைக்குள் பிள்ளையை இழுத்துவிடுங்கள். பிட்டுக்கு மா குழைக்கும்போது ஒரு பிடி மாவைப் பிள்ளையின் கோப்பையில் போட்டு, தண்ணீரையும் அதனிடமே விடுங்கள். தண்ணி கூடினால் களியாகும், குறைந்தால் மாவாகவே கிடக்கும், அளவாகத் தெளித்தால்தான் குறுணியாக உதிரும். ஏன் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லுகிற காரணம் பிழையாக இருந்தாலும் கேட்டுக்கொண்டு குழையுங்கள். பத்து நிமிடம். அம்மம்மா வீட்டில் இருந்தால் மிச்சப் பகல் அவவின் கையில். அவவுக்குத் தெரிந்த கதைகளும் நொடிகளும் (விடுகதைகளும்) எங்கள் முன்பள்ளியிலும் இல்லை.

"ஏன், ஏன் எண்டு கேட்டுத் தலையைத் தின்னுது. எல்லாத்துக்கும் எனக்கு மறுமொழி தெரியாது, ரீச்சர்."

எனக்கும் தெரியாது. முற்றத்து மாமரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. பச்சை இலைகளை மடித்துத் தைத்த மாதிரி. "ஆர் தைச்சது? நூல் எங்கால?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. "தெரியாது, பார்ப்பம்" என்றேன். நாலைந்து நாள் ஒவ்வொரு காலையும் தள்ளி நின்று பார்த்தோம். இரண்டு பேர் கடி வாங்கினார்கள். முசுறுகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளின் ஓரத்தைக் கடித்து இழுப்பதைக் கண்டோம். சிலவற்றின் வாயில் வெள்ளையாக ஏதோ இருந்தது. "குட்டியைத் தூக்கிக்கொண்டு போகுது" என்றான் ஒருத்தன்.

பிறகு தேடி வாசித்தபோது அவன் சொன்னது சரியாக இருந்தது. முசுறு தன் புழுக்குஞ்சை வாயில் பிடித்து இலைக்கு இலை ஒற்றுகிறது. குஞ்சிலிருந்து வரும் பட்டு நூல்தான் இலைகளை ஒட்டுகிறது. முதல் நாளே இதை நான் சொல்லியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆகவே மறுமொழி தெரிந்திருந்தாலும் உடனே சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்தும் எண்ணி முடிப்பதுதான் கஷ்டம்.

"போனைக் குடுத்தாத்தான் சாப்பிடும். அதிலயும் பாட்டெல்லாம் படிக்குதுதானே?"

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டலில் மூன்று நாலு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாடவேண்டும், பத்திலிருந்து பதின்மூன்று மணித்தியாலம் நித்திரை கொள்ளவேண்டும் என்றும் இருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

போனுக்குப் பிள்ளை சொல்வது கேட்காது. பிள்ளை பிழையாகப் பாடினாலும் அது தன்பாட்டில் பாடிக்கொண்டு போகும். நீங்கள் அப்படிப் போகமாட்டீர்கள், நிற்பீர்கள், சிரிப்பீர்கள், திரும்பச் சொல்வீர்கள். பேச்சு வளர்வது அந்த இடத்தில். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பாவோடு வீடியோவில் கதைப்பதை நான் இதில் சேர்க்கவில்லை. அங்கே மறுபக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார். சாப்பாட்டு நேரப் போனை நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் வீடு இரண்டுபடும். பிறகு பசி வெல்லும்.

"இடது கையால எழுதுது. மாத்தவோ?"

வேண்டாம். பத்துப் பேரில் ஒருவர் அளவில் இடது கைக்காரர். சோற்றுக் கையைப் பற்றி அப்பம்மா சொல்வது வேறு விஷயம், அதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பென்சிலை மட்டும் விட்டுவிடுங்கள். கத்தரிக்கோல் கஷ்டப்படும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

"வீட்டில ஒரே கதை. முன்பள்ளியில வாயே திறக்காதாம். ஏதும் குறையோ?"

வீட்டில் கதைக்கிற பிள்ளை என்றால் பெரும்பாலும் பயமில்லை. சில பிள்ளைகள் முதல் தவணை முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 'சொல்லு, சொல்லு' என்று எல்லோருக்கும் முன்னால் நிற்பாட்டி வைத்தால் இன்னும் பூட்டிக்கொள்ளும். நான் அப்படியான பிள்ளையிடம் ஒரு வேலை கொடுப்பேன்: தண்ணிப் போத்தல்களைப் பங்கிடுவது, மணி அடிப்பது. கைக்கு வேலை வந்தால் சில நாளில் வாய்க்கும் வரும். ஒரு தவணை தாண்டியும் ஒரு சொல்லும் வராவிட்டால் சொல்லுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

வீட்டிலும் பேச்சுக் குறைவு என்றால் கதை வேறு. இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்க்காவிட்டால், மூன்று வயதிலும் வெளியாட்களுக்கு ஒன்றும் விளங்காவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், கிளினிக் கொப்பியோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று சொல்லி ஒரு வருடத்தை விட்டுவிடாதீர்கள்.

"இங்கிலீஸ் எப்ப தொடங்குவியள்?"

பாட்டுப் பாடுகிறோம், நிறங்கள் சொல்கிறோம், அவ்வளவுதான் இப்போதைக்கு. மாட்டைக் கண்டு 'கவ்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பசு, நாம்பன், நாகு, கன்று, எருமை என்று பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் எனக்குக் கவலை. ஒரு மொழியில் ஆழமாக யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு அடுத்த மொழி ஏறும்.

"பிள்ளையள் செத்த வீடு விளையாடுதுகள். பறை அடிச்சு, பாடை கட்டி... அபசகுனம். அடிக்கவோ?"

அடிக்காதீர்கள். பிள்ளைகள் கண்டதை விளையாடுவார்கள். கல்யாண வீட்டைக் கண்டால் கல்யாணம், கோயில் திருவிழாவைக் கண்டால் காவடி, கிளினிக்குக்குப் போனால் ஊசி. ஊரில் ஒரு செத்த வீடு நடந்தது, எல்லோரும் அழுதார்கள், பிறகு அந்தத் தாத்தா வரவேயில்லை. இதைப் பெரியவர்கள் ஒருவரும் பிள்ளைக்கு விளங்கப்படுத்தவில்லை. அதனால் பிள்ளை தானே செய்து பார்க்கிறது. பாடையில் கிடந்தவன் எழும்பி ஓடி, அடுத்தவன் படுக்கிறான். எழும்பலாம் என்கிற இடத்தில் அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

எங்கள் ஊர்களில் இது இன்னும் கொஞ்சம் ஆழமானது. இந்தப் பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் அம்மம்மாவின் கதைகளிலும், சுவரில் மாலை போட்ட படங்களிலும், மே மாதம் வந்தால் வீட்டில் விழுகிற மௌனத்திலும் அதைத் தொட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். பங்கர் வெட்டி விளையாடிய பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். நான் தடுப்பதில்லை, கிட்ட இருப்பேன். "அந்தப் படத்தில இருக்கிற மாமா எங்க?" என்று கேட்டால், வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். "வெளிநாட்டுக்குப் போட்டார்" என்று சொல்லிவிட்டால் பிள்ளை காத்திருக்கும். ஒரே விளையாட்டை நாட்கணக்காக, சிரிப்பில்லாமல், பயந்த முகத்தோடு விளையாடினால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள். அதற்கென்று படித்தவர்களிடம் கூட்டிப்போகவேண்டும்.

"வெளிய கூட்டிக்கொண்டு போறியள். பாம்பு, கிணறு, வெடி எண்டு எவ்வளவு கிடக்கு. பயமில்லையோ?"

பயம் உண்டு, அதனால்தான் முதலில் நான் போய் நடந்து பார்க்கிறேன். போகும் இடங்கள் நாலே நாலு: முன்பள்ளி முற்றம், கோயில் வீதி, குளக்கட்டின் ஒரு துண்டு, ஒரு பெற்றோரின் தோட்டம். எல்லாம் நாளும் ஆட்கள் புழங்கும் இடம். கட்டில்லாத கிணறு இருக்கிற வளவுக்குப் போவதில்லை. குளக்கட்டுக்குப் போகும் நாளில் இரண்டு அம்மாமார் கூட வராவிட்டால் பயணம் இல்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்பே அடையாளம் காட்டிவிடுகிறோம். மண்ணுக்குள் தெரியாத இரும்பு எதையும் தொடுவதில்லை, எடுப்பதில்லை, எறிவதில்லை. நின்று, வந்த வழியே திரும்பி, பெரியாளிடம் சொல்வது. இதையும் விளையாட்டாகத்தான் பழக்குகிறோம்: வழியில் ஒரு பழைய பேணியை நான் வைத்துவிடுவேன், காண்கிறவர் "நில்!" என்று கத்தவேண்டும். ஒருமுறை ஒரு பெட்டை என் கைப்பையைக் கண்டு "நில்!" என்று முழு வரிசையையும் நிறுத்திவிட்டாள். கைதட்டிப் பாராட்டினேன்.

"இப்பிடி விளையாடின பிள்ளை தரம் ஒண்டுக்குப் போய் என்ன செய்யும்? பிறகு ஸ்கொலசிப் எழுத வேணுமெல்லோ?"

ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது முடிந்திருந்தால் அந்த ஆண்டு தரம் ஒன்று. புலமைப்பரிசில் பரீட்சை அதற்குப் பிறகு ஐந்தாம் தரத்தில். நாலு வயதுப் பிள்ளைக்கு அதை இப்போதே தலையில் ஏற்றவேண்டாம்.

கனபேருக்குத் தெரியாத ஒன்று: 1999இல் நாடு முழுக்கத் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி தரம் ஒன்று, இரண்டு பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றின் மேல்தான் கட்டப்பட்டது. அந்த வயதில் கூடிய இடம் விளையாட்டுக்கு. எழுத்துவேலைக்கு ஆகக் குறைந்த இடம். மேல் வகுப்புக்குப் போகப் போகத்தான் அது கூடும். ஆக நாங்கள் செய்வது அதற்கு எதிரானது இல்லை.

ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். எல்லா வகுப்பறையிலும் அது அப்படி நடப்பதில்லை. முதல் நாளே கரும்பலகை நிறைய எழுதிப் பார்த்தெழுதச் சொல்கிற இடத்துக்கு உங்கள் பிள்ளை போனால், முதல் ஒரு மாதம் கொப்பியில் பக்கத்துப் பிள்ளையைவிடப் பின்னுக்கு நிற்கலாம். அந்த மாதம் வீட்டில் அதட்டாமல் இருந்தால் போதும். கதை கேட்டுத் திரும்பச் சொல்லவும், முறை வரும்வரை நிற்கவும், தெரியாவிட்டால் ரீச்சரிடம் கேட்கவும், தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டவும் தெரிந்த பிள்ளை எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டுக் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

"அக்கா, எங்கட முன்பள்ளியில இருபத்தைஞ்சு பிள்ளையள், நான் ஒராள். நீங்கள் சொல்லுறது எல்லாம் சரிவருமோ?"

இது பக்கத்து ஊரில் படிப்பிக்கிற ஒரு தங்கச்சி கேட்டது. எல்லாம் சரிவராது. கிடைக்கிற கொடுப்பனவுக்கு நாங்கள் செய்வதே கூட என்று நினைக்கிற நாட்கள் எனக்கும் உண்டு.

இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யவேண்டும் என்ற எண்ணத்தை விட்டால் பாதிப் பாரம் குறையும். மண் ஒரு மூலை, கட்டைகள் ஒரு மூலை, வீடு விளையாட்டு ஒரு மூலை, படக்கதைப் புத்தகம் ஒரு பாய். காலையில் வட்டமாக இருந்து "இண்டைக்கு எங்க போகப்போறாய், என்ன செய்யப்போறாய்?" என்று ஒவ்வொருவரையும் ஒரு வசனம் சொல்லவிடுங்கள். விட முன் திரும்ப வட்டம்: "என்ன செய்தாய்? எங்க பிழைச்சது?" இடையில் நீங்கள் எல்லா மூலைக்கும் ஓடவேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு மூலை. அங்கே குந்தியிருந்து கேளுங்கள், ஒரு கேள்வி போடுங்கள், கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். என் கொப்பியில் போன கிழமை இருக்கிற ஒரு வரி: 'சிரட்டைகளை எண்ணாமல் பார்த்த பார்வையிலேயே நாலு என்றாள். ஐந்தாவதை வைத்ததும் எண்ணத் தொடங்கினாள்.' பெற்றோர் கூட்டத்தில் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பதில் இந்த வரிகளைத்தான் வாசிக்கிறேன். முதலில் முகத்தைச் சுழித்தார்கள், இப்போது தங்கள் பிள்ளையின் வரி எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள்.

"பிள்ளை, நான் படிக்கேல்லை. பேரனை விட்டிட்டு வீட்ட போய்ச் சும்மாதான் இருக்கிறன். நானும் வந்து இதில இருக்கலாமோ?"

வாங்கோ அம்மா. இப்படிக் கேட்ட ஒரு அப்பம்மா இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வருகிறா. வரும்போது ஈர்க்கு நீக்கி வார்ந்த பனையோலை ஒரு கட்டுக் கொண்டுவருவா. சுவரோடு சாய்ந்து காலை நீட்டியிருந்து தன்பாட்டில் பெட்டி இழைக்கத் தொடங்குவா. ஒருவரையும் கூப்பிடமாட்டா. கொஞ்ச நேரத்தில் மூன்று நாலு பேர் சுற்றி இருந்துவிடுவார்கள். "ஒண்டு மேல, ஒண்டு கீழ, ஒண்டு மேல..." என்று அவ வாய்க்குள் சொல்வதை அவர்களும் சொல்வார்கள். போன செவ்வாய் ஒருத்தன் இரண்டைச் சேர்த்து மேலே எடுத்துவிட்டு, பிழைத்தது எங்கே என்று தானே கழற்றிக்கொண்டு போனான். அப்பம்மா பார்த்துக்கொண்டிருந்தா, ஒன்றும் சொல்லவில்லை.